நாய்க்குக் கண்புரை: ஆபரேஷன் செய்யலாமா?

வயதான நாயின் கண்ணில் வெண்மை தெரிந்ததும் "கண்ணுல பூ விழுந்துடுச்சு" என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். "பத்து வயசாச்சு, இனிமே எதுக்கு அதைப் போட்டுக் கஷ்டப்படுத்தணும்" என்பார் ஒருவர். "பெரியம்மாவுக்குப் பண்ணின மாதிரி நாய்க்கும் பண்றாங்களாம், உடனே கூட்டிட்டுப் போவோம்" என்பார் இன்னொருவர். இருவரும் பாசத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் கண்ணுக்குள் எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பக்கமும் சாய முடியாது.

ஆபரேஷன் செய்தால் திரும்பி வரும் பார்வை உண்டு. எந்த ஆபரேஷனாலும் திரும்பாத பார்வையும் உண்டு. பார்வை வரவே வராது என்று தெரிந்தும், வலி தீர்வதற்காகச் செய்தே ஆகவேண்டிய ஆபரேஷனும் உண்டு. உங்கள் நாய் இதில் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பணம், வயது, மயக்க மருந்து பற்றிய கவலையெல்லாம் அதற்கு அப்புறம்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புரை அல்ல

கண்மணிக்கு நேர் பின்னால் லென்ஸ் இருக்கிறது. நாயின் ஆயுள் முழுக்க அது வளர்ந்துகொண்டே இருக்கும். புது இழைகள் வெளிப்பக்கம் சேரச் சேர, பழைய இழைகள் நடுவில் நெருக்கப்பட்டு இறுகிவிடுகின்றன. ஆறேழு வயதுக்கு மேல் பெரும்பாலான நாய்களுக்குக் கண்ணின் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிவது இதனால்தான். இதற்கு நியூக்ளியர் ஸ்க்ளிரோசிஸ் என்று பெயர். பார்ப்பதற்குப் புரை மாதிரியே இருக்கும், ஆனால் ஒளி உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். நாய்க்குப் பார்வை பெரிதாகக் குறையாது. கிட்டத்தில் இருப்பது கொஞ்சம் மங்கலாகலாம், அவ்வளவுதான். ஆபரேஷன் தேவையே இல்லை. புரை என்று பயந்துபோய் டாக்டரிடம் ஓடுகிறவர்களில் பலர் இந்த நல்ல செய்தியோடு வீடு திரும்புகிறார்கள்.

வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். அறையை இருட்டாக்கி, நாய்க்குச் சற்றுத் தள்ளி நின்று, சின்ன டார்ச்சை உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து அதன் கண்ணைப் பாருங்கள். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் டேப்பீட்டம் என்ற படலம் இருக்கிறது. இரவில் கார் வெளிச்சத்தில் நாய்க் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னுவது அதனால்தான். அந்த மினுமினுப்பு முழு வட்டமாகத் தெரிந்தால் லென்ஸ் ஒளியை விடுகிறது என்று அர்த்தம். நடுவில் ஏதோ ஒன்று அதை மறைத்துக்கொண்டு நின்றால் அது புரையாக இருக்கலாம். டாக்டரும் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுவிட்டு, இன்னும் நுட்பமான கருவியால் இதையே பார்க்கிறார்.

பார்வை இருக்கிறதா என்று சோதிக்க முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்ப்பார்கள். அதை நம்பக் கூடாது, கை ஆடும்போது வரும் காற்றை மீசை முடியே உணர்ந்துவிடும். ஒரு பஞ்சு உருண்டையை அதன் கண்ணெதிரே மேலிருந்து கீழே போடுங்கள். பஞ்சுக்குச் சத்தமில்லை, வாசனையும் அதிகமில்லை. கண் அதைத் தொடர்ந்து கீழே இறங்கினால் பார்வை இருக்கிறது. பல வீடுகளில் நாய்க்குப் பார்வை போய் மாதக்கணக்கான பிறகுதான் தெரியவருகிறது. சோபாவை இடம் மாற்றிய அன்று முட்டிக்கொள்ளும், அல்லது சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போனால் வாசலிலேயே நின்றுவிடும். சொந்த வீட்டை அது அவ்வளவு மனப்பாடமாக வைத்திருக்கும்.

லென்ஸுக்கு முன்னால், கண்ணின் மேற்பரப்பில் இருக்கும் கார்னியா வெளுத்திருந்தால் அது வேறு கதை. புண், கண்ணீர் வற்றிப்போவது, பக் நாய்களுக்குக் கண்மேல் பழுப்பாகப் படரும் படலம் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் பெரும்பகுதிக்குச் சொட்டு மருந்துதான் சிகிச்சை. ஆழமான புண்ணுக்கு மட்டும் அவசர ஆபரேஷன் தேவைப்படும்.

பார்வை எப்படியெல்லாம் போகிறது

புரையில் லென்ஸின் புரத அமைப்பு குலைந்து அது ஒளி புகாமல் ஆகிவிடுகிறது. சில இனங்களில் இது பரம்பரையாக வருகிறது. பாஸ்டன் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் நாய்களில் எச்.எஸ்.எஃப்.4 என்ற மரபணுவின் கோளாறு குட்டி வயதிலேயே புரையைக் கொண்டுவரும். அடி, கண்ணுக்குள் வீக்கம், முதுமை ஆகியவற்றாலும் வரும்.

சர்க்கரை நோயால் வரும் புரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது லென்ஸுக்குள்ளும் ஏறுகிறது. அங்கே அது சார்பிட்டால் என்ற பொருளாக மாறி வெளியே போக முடியாமல் மாட்டிக்கொள்கிறது, மாட்டிக்கொண்டு தண்ணீரை இழுக்கிறது. லென்ஸ் ஊதிப்போய் சில நாட்களிலோ வாரங்களிலோ முழுசாக வெளுத்துவிடும். சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாய்களில் 75 முதல் 80 சதவீதத்துக்கு ஒன்றரை வருடத்துக்குள் புரை வந்துவிடுகிறது. ஆகவே கண் திடீரென்று வெளுத்திருக்கிறது, நாய் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடிக்கிறது, நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்றால், கண் டாக்டரைத் தேடும் முன் சர்க்கரையைப் பாருங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்குச் சூடு (இணைசேரும் பருவம்) முடிந்த வாரங்களில் இந்த நோய் தலைகாட்டுவது உண்டு.

அடுத்தது விழித்திரை கெட்டுப்போவது. லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் போன்ற இனங்களில் பி.ஆர்.ஏ. என்ற பரம்பரை நோய் விழித்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடும். முதலில் இரவில் தடுமாறும், மாடிப்படி இறங்கத் தயங்கும், பிறகு பகலிலும் பார்வை குறையும். வலி கிடையாது. சிகிச்சையும் கிடையாது. சார்ட்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. நன்றாக இருந்த நாய்க்குச் சில நாட்களில் இரண்டு கண்ணும் போய்விடும், வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றே இருக்கும். அதற்கும் ஆபரேஷன் எதுவும் இல்லை.

நம்மூரில் மறக்கக் கூடாத ஒன்று உண்ணிக் காய்ச்சல். எர்லிகியா கிருமி கண்ணுக்குள் ரத்தக் கசிவையும் வீக்கத்தையும் உண்டாக்கி, சில நேரம் விழித்திரையைப் பிரித்தே விடும். சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. உண்ணி ஏறும் நாய்க்குக் கண் சிவந்து மங்கினால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள்.

க்ளாக்கோமா, அதாவது கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறுவது, இவை எல்லாவற்றையும்விட அவசரம். நாயின் கண்ணில் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். அது திடீரென்று ஏறினால் ஓரிரு நாளில் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். வலியும் கடுமையாக இருக்கும். ஆனால் நாய் கத்தாது. மூலையில் போய்ப் படுக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பும், தலையைத் தொட விடாது. கண் சிவந்து, நீலம் பூத்து, பாதி மூடியிருக்கும். "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடக்கூடாத நிலைமை இது.

விழித்திரை உயிரோடு இருக்கிறதா?

புரை என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்த முடிவிலேயே முக்கியமான கேள்வி இப்போதுதான் வருகிறது. வெளுத்த லென்ஸை எடுத்துவிட்டால் ஒளி உள்ளே போகும். போகும் ஒளியைப் பிடிக்க விழித்திரை வேலை செய்ய வேண்டுமே? பல்பு ஃபியூஸ் ஆன பிறகு அதன் மேல்மூடியைத் துடைத்து என்ன பயன்? இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: பி.ஆர்.ஏ. வந்த நாய்க்கு அதன் விளைவாகவே புரையும் வருவது உண்டு. வெளியே தெரிவது புரை, உள்ளே போய்விட்டது விழித்திரை. லென்ஸ் மறைப்பதால் டாக்டரால் விழித்திரையை நேராகப் பார்க்கவும் முடியாது. டார்ச் அடித்தால் கண்மணி சுருங்குகிறதே என்று சமாதானம் செய்துகொள்ளவும் முடியாது, விழித்திரை பெரும்பாலும் போன பிறகும் கண்மணி ஓரளவு சுருங்கிக்கொண்டிருக்கும்.

இதற்குத்தான் ஈ.ஆர்.ஜி. பரிசோதனை. நாயை இருட்டறையில் வைத்து, பெரும்பாலும் லேசான மயக்கம் கொடுத்து, கான்டாக்ட் லென்ஸ் வடிவில் ஒரு மின்முனையைக் கண்மேல் பொருத்துவார்கள். தோலடியில் மெல்லிய ஊசி முனைகள் வைப்பார்கள். பிறகு பளிச் பளிச்சென்று ஒளி அடிக்கும். ஒவ்வொரு பளிச்சுக்கும் விழித்திரை ஒரு சின்ன மின்துடிப்பால் பதில் சொல்லும். திரையில் கோடு முதலில் சற்றுக் கீழே இறங்கி, பிறகு மேலே எழும்பினால் விழித்திரை வேலை செய்கிறது. கோடு தட்டையாகவே போனால் ஆபரேஷன் பேச்சு அங்கேயே முடிந்தது. கூடவே கண்ணுக்கு ஸ்கேன் எடுத்து, விழித்திரை இடத்தை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இவற்றைச் செய்யாமல் நேராகத் தேதி கொடுக்கும் இடத்தில் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன். பார்வை வரும் என்று நம்பி ஒரு வயதான உயிரை மயக்க மருந்துக்கும் வாரக்கணக்கான வைத்தியத்துக்கும் உட்படுத்திவிட்டு, விழித்திரை ஏற்கெனவே போய்விட்டது என்று பிறகு தெரிந்துகொள்வது அந்த நாய்க்குச் செய்யும் அநியாயம்.

இன்னும் சில சின்னப் பரிசோதனைகளும் உண்டு. கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையை ஒரு நிமிடம் வைத்து எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பார்கள். 15 மில்லிமீட்டர் நனைந்தால் கண்ணீர் போதுமானது. கண்ணழுத்தம் அளப்பார்கள். ரத்தம், சிறுநீரகம், இதயம் எல்லாம் மயக்க மருந்துக்காகப் பார்க்கப்படும்.

உள்ளே என்ன செய்கிறார்கள்

நம்மூரில் எல்லோரும் "லேசர்" என்று சொல்லும் இந்த ஆபரேஷனில் பழைய லென்ஸை உடைப்பது லேசர் அல்ல, ஒலி அதிர்வு. அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967-இல் மனிதர்களுக்கு அறிமுகப்படுத்திய முறை அது. பல் டாக்டர் பல்லில் காரை எடுக்கும் அதிர்வுக் கருவியைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. முறைக்குப் பெயர் ஃபேக்கோ. நாய்க்கும் இதையேதான் செய்கிறார்கள்.

மனிதர்களுக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். நாய் அசையாமல் படுக்காது என்பதால் முழு மயக்கம் வேண்டும். மயக்கத்தில் நாயின் கண் கீழ்ப்பக்கம் உருண்டுவிடும், அதனால் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துக் கண்ணை நேராக நிறுத்துகிறார்கள். அந்த மருந்து மூச்சுத் தசையையும் தளர்த்திவிடும், ஆகவே இயந்திரம்தான் மூச்சு கொடுக்கும். மயக்க மருந்து டாக்டர் தனியாக ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள் என்பது இதனால்தான்.

மைக்ராஸ்கோப்புக்குக் கீழே கார்னியாவின் ஓரத்தில் சுமார் மூன்று மில்லிமீட்டர் வெட்டு. லென்ஸைச் சுற்றியிருக்கும் மெல்லிய பையின் முன்பக்கத்தில் ஒரு வட்டத் திறப்பு. அந்த வழியாக அதிரும் முனையை நுழைத்து, இறுகிய லென்ஸைப் பொடியாக்கி உறிஞ்சி எடுப்பார்கள். நாயின் லென்ஸ் மனித லென்ஸைவிடத் தடிமன், ஏழு மில்லிமீட்டர் வரை இருக்கும், அதனால் வேலையும் அதிகம். பிறகு காலிப் பைக்குள் மடித்த செயற்கை லென்ஸை நுழைத்தால் அது உள்ளே விரிந்து உட்காரும். கடைசியில் முடியைவிட மெல்லிய நூலால் தையல்.

அந்தச் செயற்கை லென்ஸ் நாய்க்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். லென்ஸின் திறனை டயாப்டர் என்ற அலகில் சொல்வார்கள். மனிதர்களுக்கு 20 டயாப்டர் அளவில் வைக்கிறார்கள், நாய்க்குச் சுமார் 41 தேவை. சில நேரம் பை கிழிந்துவிட்டாலோ வேறு காரணத்தாலோ லென்ஸ் வைக்க முடியாமல் போகும். அப்போதும் நாய் குருடாகிவிடாது. கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாத தூரப்பார்வைக் கோளாறோடு, உருவங்களைப் பார்த்து நடமாடும் அளவுக்குப் பார்வை இருக்கும். விழுந்த பிஸ்கட்டைக் கண்ணால் தேடாது, மூக்கால் தேடும்.

எல்லாம் சரியாக நடந்தால் பத்து நாய்களில் ஏறத்தாழ ஒன்பதுக்குப் பார்வை வந்துவிடுகிறது. வருடங்கள் போகப்போக அந்த எண்ணிக்கை கொஞ்சம் குறையும். க்ளாக்கோமா வரலாம், விழித்திரை பிரியலாம். ஷிட்சூ போன்ற இனங்களில் விழித்திரை பிரியும் ஆபத்து கூடுதல். உங்கள் நாயின் இனத்துக்கு, அதன் வயதுக்கு, அந்த டாக்டரின் அனுபவத்தில் எப்படி என்று நேராகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"முத்தட்டும்" என்று காத்திருக்கலாமா?

நம் பாட்டி தாத்தா காலத்தில் "புரை நல்லா முத்தின பிறகுதான் எடுக்கணும்" என்பார்கள். அன்றைய மனித ஆபரேஷனுக்கு அது பொருந்தியது. லென்ஸை முழுதாக எடுத்த காலம் அது. நாய் விஷயத்தில் அந்தப் பழைய அறிவுரை பெரும் கெடுதல் செய்கிறது.

முத்திய புரையில் லென்ஸின் புரதங்கள் பையைத் தாண்டிக் கசிய ஆரம்பிக்கும். அதுவரை பைக்குள் பத்திரமாக இருந்த புரதத்தை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து எதிர்க்கும். கண்ணுக்குள் வீக்கம் வரும். இந்த வீக்கத்தில் நாயின் கண் மனிதக் கண்ணைவிட மூர்க்கமாக நடந்துகொள்ளும். வெளியே லேசான சிவப்பு மட்டும் தெரியும், உள்ளே ஒட்டுதல் உண்டாகி நீர் வடியும் வழி அடைபடும், அழுத்தம் ஏறும், லென்ஸ் இடம் நழுவும், விழித்திரை பிரியும். கடைசியில் புரையால் போன பார்வை க்ளாக்கோமாவால் நிரந்தரமாகப் போய்விடும், வலியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே புரை இன்னும் முழுசாக முத்தாத, கண்ணுக்குள் வீக்கம் இல்லாத கட்டத்தில் செய்யும் ஆபரேஷன்தான் நன்றாக அமைகிறது. சர்க்கரைப் புரையில் இந்த அவகாசம் இன்னும் குறைவு.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் கண்ணை அப்படியே விட்டுவிடக் கூடாது. வீக்கத்தைத் தணிக்கும் சொட்டு மருந்து தொடர்ந்து போட வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்தம் அளக்க வேண்டும்.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று கடையிலும் இணையத்திலும் விற்பதை வாங்காதீர்கள். லானோஸ்டிரால் என்ற பொருள் நாய்ப் புரையைத் தெளியவைத்ததாக 2015-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். ஆனால் அதை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடும் அளவுக்கு எந்த மருந்தும் வரவில்லை. கரையும் கரையும் என்று காத்திருக்கும் மாதங்களில் புரை முத்திவிடும். தேன், வெங்காயச் சாறு, தாய்ப்பால் என்று கண்ணில் எதையும் ஊற்றவே வேண்டாம்.

உங்கள் வீடு தாங்குமா?

டாக்டரின் வேலை ஓரிரு மணி நேரம். அப்புறம் வரும் வாரங்கள் உங்களுடையவை, முடிவில் பாதி எடை இதற்குத்தான்.

முதல் நாட்களில் மூன்று நான்கு வகைச் சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே ஐந்து நிமிடமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் முன்னதை அடுத்தது கழுவிவிடும். வாரங்கள் போகப்போக எண்ணிக்கை குறையும், சில நாய்களுக்கு ஏதாவது ஒரு சொட்டு ஆயுள் முழுக்கத் தொடரும். கழுத்தில் அகலமான பிளாஸ்டிக் வளையம் இரண்டு வாரமாவது இருக்கும். குதிக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, குளிக்கக் கூடாது, இன்னொரு நாயோடு புரண்டு விளையாடக் கூடாது. கழுத்துப் பட்டையை இழுத்தால் கண்ணழுத்தம் ஏறும் என்பதால் மார்பில் மாட்டும் பட்டைதான். வேட்டுச் சத்தத்துக்குப் பதறும் நாயென்றால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தேதி வாங்காதீர்கள்.

ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். டாக்டரிடம் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு எழுதி வாங்கிக்கொண்டு, நாயின் பின்பக்கத்தைச் சுவர் மூலையில் ஒட்டி உட்காரவையுங்கள். பின்வாங்க இடமிருக்காது. நீங்கள் பக்கவாட்டில் அமர்ந்து, ஒரு கையால் தாடையைத் தாங்கி முகத்தை உயர்த்துங்கள். பாட்டில் அதன் எதிரே வரக் கூடாது. மறு கையை நெற்றிமேல் ஊன்றி, மேலிமையை லேசாக இழுத்து, மேலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். முடிந்தவுடன் பிடித்த தின்பண்டம். நாலாம் நாளிலேயே சில நாய்கள் தாமாக மூலைக்கு வந்து உட்கார்ந்துவிடும். சில நாய்கள் கடிக்க வரும். கடிக்க வரும் நாய்க்கு, பழக்கியும் மாறாவிட்டால், டாக்டரிடம் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொட்டு விடாத கண்ணில் ஆபரேஷன் நிலைக்காது. வீட்டில் எல்லோரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வருகிறவர்கள் என்றால், லீவு போட ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

வயதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இதயமும் சிறுநீரகமும் சரியாக இருக்கும் பதினொரு வயது நாய், இதயக் கோளாறு உள்ள ஏழு வயது நாயைவிட மயக்கத்தை நன்றாகத் தாங்கும். சர்க்கரை நோயும் தடை இல்லை. இன்சுலினால் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டால் மற்ற நாய்களைப் போலவே பார்வை வருகிறது. ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றலாம் என்பதால் டாக்டர் மருந்தை மாற்றித் திட்டமிடுவார். இரண்டு கண்ணிலும் புரை இருந்தால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் செய்வது உண்டு. ஒரு கண் நன்றாகத் தெரிகிறது, இன்னொன்றில் மட்டும் புரை என்றால் நாய்க்கு அன்றாடம் பெரிய குறை இல்லை. அங்கே ஆபரேஷன் எதற்காக என்று டாக்டரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

செலவு இடத்துக்கு இடம் மிகவும் மாறும். தனியாரில் பல பத்தாயிரங்கள் ஆகலாம். விலை கேட்கும்போது பரிசோதனைகள், செயற்கை லென்ஸ், மருந்து, பிறகு திரும்பத் திரும்பப் போய்க் காட்டுவது எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, செலவும் தனியாரைவிடக் குறையும். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதலில் காட்டிவிட்டு, எங்கே போகலாம் என்று கேட்கலாம். பணம் இல்லாததால் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் குற்ற உணர்ச்சியில் வேக வேண்டியதில்லை. சொட்டு மருந்தும் அழுத்தப் பரிசோதனையும் தவறாமல் நடந்தால் அந்த நாயை நீங்கள் கைவிடவில்லை.

கண்ணை எடுக்கச் சொன்னால்

க்ளாக்கோமாவில் பார்வை இன்னும் இருந்தால், நீர் சுரப்பதை லேசரால் குறைப்பது, சின்னக் குழாய் வைத்து நீரை வடியவைப்பது என்று முயற்சிகள் உண்டு. பார்வை போய், மருந்துக்கும் அழுத்தம் இறங்காவிட்டால், கண்ணை எடுத்துவிடலாம் என்பார் டாக்டர். கேட்டதும் வீட்டில் அழுகை வந்துவிடும். "குருடாவே இருக்கட்டும், கண்ணை மட்டும் எடுக்காதீங்க" என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த மனசு புரிகிறது. ஆனால் அந்தக் கண் நாய்க்கு இனிமேல் வலியைத் தவிர எதையும் கொடுக்காது. வாரக்கணக்காகச் சோர்ந்து கிடந்த நாய், எடுத்த சில நாட்களில் எழுந்து வந்து தட்டைக் காலி செய்வதைப் பார்த்த பிறகு, இதை முன்பே செய்திருக்கலாமே என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். இமையைத் தைத்துவிடுவார்கள், முடி வளர்ந்து மூடிவிடும். வேறு கண் கோளாறால் அல்லாமல் தானாகவே வரும் க்ளாக்கோமா ஒரு கண்ணில் வந்தால் மற்றதிலும் வரக்கூடும், அதற்கு இப்போதே தடுப்புச் சொட்டு கேட்டு வாங்குங்கள்.

பார்வை இல்லாமல் வாழ்வது

விழித்திரை போய்விட்டது, அல்லது ஆபரேஷன் வேண்டாமென்று முடிவாகிவிட்டது. இனி நாய் வீட்டை மூக்காலும் காதாலும் பாதத்தாலும் படிக்கும். கண் பார்வையை நம்பி வாழ்கிற நமக்குத்தான் இது பேரிழப்பாகத் தெரிகிறது. வலியில்லாமல் பார்வை மட்டும் போன நாய், முதல் சில வாரத் தடுமாற்றத்துக்குப் பிறகு, வாலாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிவரும்.

சாமான்களை இடம் மாற்றாதீர்கள். தண்ணீர்க் கிண்ணமும் படுக்கையும் எங்கே இருந்தனவோ அங்கேயே இருக்கட்டும். படிக்கு முன்னால் ஒரு முரட்டுக் கால்மிதி போட்டால், பாதம் அதில் பட்டதும் படி வருகிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். மொட்டை மாடி, கிணறு, மூடாத சம்ப் ஆகியவற்றுக்குத் தடுப்பு வையுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதன் கழுத்தில் சின்ன மணி கட்டுங்கள். தொடும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பதறிக் கடித்துவிடும் என்று குழந்தைகளுக்கு முக்கியமாகச் சொல்லுங்கள். "படி", "நில்லு", "மெதுவா" என்று இரண்டு மூன்று சொற்களை ஒரே மாதிரி சொல்லிப் பழக்கினால் நடைப்பயிற்சி சுலபமாகும். தெருவில் மற்ற நாய்கள் வரும்போது ஒதுங்க அதற்குத் தெரியாது, கயிறு இல்லாமல் வெளியே விடாதீர்கள். பாவம் என்று எப்போதும் தூக்கிக்கொண்டே திரியவும் வேண்டாம், இறக்கிவிட்ட இடம் எது என்று தெரியாமல் அது குழம்பும்.

பார்வை இல்லாத கண்ணுக்கும் வலி வரும். தினமும் முகத்தைத் துடைக்கும்போது இரண்டு கண்ணையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு, பாதி மூடிய இமை, ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, நெற்றியைச் சுவரில் அழுத்துவது, காரணமில்லாமல் சாப்பாட்டை ஒதுக்குவது, இதில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் கண்ணழுத்தம் அளக்கச் சொல்லுங்கள்.